சத்தம் கேட்கவில்லை என்றால் அங்கே விமானம் இல்லை என்று அடித்துவிடலாமா?

கிள்ளான் குமரன்:

வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற கேள்வி. நான் கடல் பற்றியோ விமானம் பற்றியோ படித்தவன் இல்லை, ஆனால் மலேசியாவில் இருக்கிற யாருக்கும் எம்.எச். 370 மறக்கிற விஷயம் இல்லை. 2014 மார்ச் 8, நள்ளிரவு 12.42க்குக் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் கிளம்பிய போயிங் 777, 239 பேர். 1.19க்கு விமானி கடைசியாகப் பேசுகிறார், இரண்டு நிமிடத்தில் கட்டுப்பாட்டு நிலையத் திரையிலிருந்து விமானத்தின் அடையாளமே போய்விடுகிறது. முதலில் தென்சீனக் கடலில் தேடினார்கள், அப்புறம் ராணுவ ரேடாரைப் பார்த்தால் விமானம் திரும்பி, தீபகற்பத்தைக் குறுக்காகக் கடந்து, பினாங்கைத் தாண்டி அந்தமான் கடல் பக்கம் போயிருக்கிறது. கடைசியில் செயற்கைக்கோள் கணக்கு எல்லோரையும் இந்தியப் பெருங்கடலின் தெற்கே கொண்டுபோய் விட்டது. அம்மா இன்றைக்கும் மார்ச் வந்தால் "கிடைச்சிருச்சா?" என்று ஒருமுறை கேட்டுவிடுவார்.

என் கேள்விக்கு வருகிறேன். ஆஸ்திரேலியா தலைமையில் 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைத் தேடி 2017 ஜனவரியில் நிறுத்தினார்கள். 2018இல் ஓஷன் இன்ஃபினிட்டி என்ற நிறுவனம் வந்து இன்னொரு 1,12,000 சதுர கிலோமீட்டர் தேடியது. இரண்டிலும் ஒன்றுமில்லை. அந்த இடத்தையெல்லாம் "இங்கே இல்லை" என்று வரைபடத்தில் கோடு போட்டு மூடிவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ஏர் பிரான்ஸ் 447 பற்றிப் படித்தேன். 2009 ஜூன் 1, ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர்பஸ் ஏ330, 228 பேர், அட்லாண்டிக்கில் விழுந்தது. விழுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் எங்கே இருந்தது என்று விமானமே செய்தி அனுப்பியிருக்கிறது. ஐந்து நாளில் மிதந்த பாகங்கள் கையில் கிடைத்துவிட்டன. அப்படியிருந்தும் கடலடியில் கண்டுபிடிக்க 2011 ஏப்ரல் வரை ஆகியிருக்கிறது. கடைசியில் கிடைத்தது எங்கே தெரியுமா, அந்தக் கடைசிப் புள்ளியிலிருந்து வெறும் 6.5 கடல் மைலில். முதல் மாதமே அந்த இடத்தின் அருகாகக் கப்பல்கள் போயிருக்கின்றன, கறுப்புப் பெட்டியின் சத்தத்தைக் கேட்க முயன்றிருக்கின்றன, கேட்கவில்லை.

இதைப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. "தேடிவிட்டோம், இல்லை" என்பதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

---

கடலடி சர்வேயர்:

குமரன் அண்ணா, நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். நான் 14 வருடமாக சர்வே கப்பல்களில் வேலை பார்க்கிறேன். எரிவாயுக் குழாய் பதிக்கும் முன்னால் கடலடியைப் படம் எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. விமானம் தேடியதில்லை, ஆனால் கருவிகள் ஏறக்குறைய அதேதான், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சத்தம். கறுப்புப் பெட்டியோடு ஒரு சிறு உலோக உருளை மாட்டியிருக்கும், பிங்கர் என்போம். தண்ணீர் பட்டதும் தானாக விழித்துக்கொள்ளும். நொடிக்கு ஒரு தடவை 37.5 கிலோஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு, மனிதக் காதுக்குக் கேட்காது. அந்தக் காலத்து பேட்டரி 30 நாளுக்குத்தான். அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணைக் கடல்நீர் சீக்கிரம் விழுங்கிவிடும், நல்ல நிலைமையில் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குக் கேட்டால் பெரிது. ஏர் பிரான்ஸ் விமானம் கிடந்த ஆழம் 3,900 மீட்டர். அதாவது நேர் மேலே கப்பலை நிறுத்திக்கொண்டு காதைத் தீட்டினாலும் கேட்பது சந்தேகம். அதனால் கேட்கும் கருவியைக் கிலோமீட்டர் கணக்கில் கேபிள் விட்டு ஆழத்தில் இறக்கி, ஆள் நடக்கிற வேகத்தில் இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு வரி முடிந்து கப்பலைத் திருப்பினால், பின்னால் தொங்கும் அத்தனை கேபிளும் நேராகி வரவே மணிக்கணக்கு ஆகும். முப்பது நாளில் எத்தனை வரி ஓட்ட முடியும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2009 ஜூனில் அமெரிக்கக் கடற்படை அந்த மாதிரி இரண்டு கருவிகளைக் கொடுத்தது, இரண்டு இழுவைக் கப்பல்கள் அவற்றை இழுத்தன. பிரான்ஸ் தன் அணுசக்தி நீர்மூழ்கி எமரோடை அனுப்பியது. யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. ஒரு விமானத்தில் பிங்கர் இரண்டு, இரண்டும் சேர்ந்து கெட்டுப்போகுமா என்று எல்லோரும் நினைத்தார்கள், நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அதனால் கேட்டுப் பார்த்த இடம் மனதளவில் "முடிந்த இடம்" ஆகிவிட்டது. பிறகு சோனார், அதாவது ஒலியை அனுப்பி எதிரொலியில் கடலடியைப் பார்க்கும் கருவி, போட்டுத் தேடியபோது வேறு பக்கங்களுக்குப் போனார்கள். 2010இல் மிதந்த பாகங்கள் எங்கிருந்து வந்திருக்கும் என்று நீரோட்டத்தைப் பின்னோக்கி ஓட்டிக் கணக்கிட்டு, வடமேற்கே ஒரு பகுதியைத் தேடினார்கள். வெறும் மண். அதே வருடம் மே மாதம் நீர்மூழ்கியின் பழைய பதிவுகளை மறுபடி அலசியபோது பிங்கர் போல ஒரு சத்தம் தெரிகிறது என்றார்கள், கப்பல் அங்கே ஓடியது, அங்கேயும் இல்லை.

2011இல் கறுப்புப் பெட்டிகளை எடுத்தபோது ஒரு பிங்கரும் கூடவே வந்தது. மின்சாரம் கொடுத்துச் சோதித்தார்கள், அது வேலை செய்யவில்லை. மோதியதில் அடிபட்டிருந்தது. இரண்டு வருடம் தேடியவர்களைத் திசை மாற்றியது அந்த உருளைதான்.

எம்.எச். 370இல் இதற்கு நேர் எதிராக நடந்தது. 2014 ஏப்ரல் தொடக்கத்தில் ஓஷன் ஷீல்டு கப்பலில் சத்தம் கேட்டது. உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. புளூஃபின் 21 என்ற ஆளில்லாக் கருவியை இறக்கி சுமார் 850 சதுர கிலோமீட்டரைத் தேடினார்கள், விமானத்தின் துண்டு ஒன்றுகூட இல்லை. அது பிங்கர் இல்லை என்று பிறகு முடிவானது. அதிகாரபூர்வ அறிக்கையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: அந்த விமானத்தின் கறுப்புப் பெட்டிகளில் ஒன்றான தரவுப் பதிவியில் இருந்த பிங்கரின் பேட்டரிக்கு 2012 டிசம்பரிலேயே காலாவதித் தேதி முடிந்திருந்தது.

ஆக ஒன்றில் சத்தமில்லாததை நம்பி ஏமாந்தார்கள், மற்றொன்றில் சத்தத்தை நம்பி ஏமாந்தார்கள். சோனார் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், இப்போது டியூட்டி, இரவு வந்து எழுதுகிறேன்.

---

புள்ளியியல் டீச்சர்:

சர்வேயர் தம்பி விட்ட இடத்தில் நான் நுழைந்துகொள்கிறேன். இது என் பாடம், வகுப்பில் வருடா வருடம் நடத்துவது.

தங்கை கல்யாணத்தன்று காலையில் அவள் தோட்டின் திருகாணி விழுந்துவிட்டது. கூடத்தில் விழுந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டின் மற்ற இடங்களில். பாதிக்குப் பாதி என்று வையுங்கள். பெரியப்பா கூடத்தை முழுக்கத் தேடிவிட்டு "இங்க இல்லம்மா" என்றார். எல்லோரும் குளியலறை, மாடிப்படி, சமையலறை என்று கிளம்பிவிட்டோம். ஒரு மணி நேரம். கடைசியில் கிடைத்தது கூடத்தில்தான், ஜமக்காளத்தின் ஓர மடிப்பில். பெரியப்பா கண்ணாடி போடாமல் தேடியிருக்கிறார்.

இப்போது கணக்கு. பெரியப்பா கண் நல்ல கண், பொருள் அங்கே இருந்தால் பத்துக்கு ஒன்பது தடவை கண்டுபிடிப்பார் என்று வைத்தால், அவர் "இல்லை" என்ற பிறகு திருகாணி கூடத்தில் இருக்கும் வாய்ப்பு 50 சதவீதத்திலிருந்து சுமார் 9 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வேறு இடத்துக்குப் போவதே சரி. ஆனால் கண்ணாடி இல்லாமல் பத்துக்கு மூன்று தடவைதான் கண்டுபிடிப்பார் என்றால், அதே "இல்லை"க்குப் பிறகும் கூடத்தில் இருக்கும் வாய்ப்பு 41 சதவீதம். கூடத்தையே இன்னொரு முறை, நல்ல வெளிச்சத்தில், தேட வேண்டும். இரண்டிலும் பெரியப்பா சொன்னது ஒரே வார்த்தைதான். அந்த வார்த்தைக்கு எவ்வளவு எடை என்பதை அவர் கண்தான் தீர்மானிக்கிறது.

ஏர் பிரான்ஸ் விஷயத்தில் பிரான்ஸின் விபத்து விசாரணை அமைப்பு இந்த வேலையை அமெரிக்காவின் மெட்ரான் நிறுவனத்திடம் கொடுத்தது. லாரன்ஸ் ஸ்டோன் அந்தக் குழுவில் முக்கியமானவர், கடலில் காணாமல் போனதைத் தேடும் கணிதத்திலேயே வாழ்க்கையைக் கழித்தவர். 1968இல் காணாமல் போன அமெரிக்க நீர்மூழ்கி ஸ்கார்பியனைத் தேடியபோது பயன்பட்ட அதே முறைதான். கடைசிப் புள்ளியைச் சுற்றி 40 கடல் மைல் வட்டம், பழைய விபத்துகளில் விமானங்கள் கட்டுப்பாடு இழந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் விழுந்தன என்ற அனுபவம், நீரோட்டக் கணக்கு, எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் எடை போட்டுச் சேர்த்தார்கள். பிறகு, தேடிக் கிடைக்காத ஒவ்வொரு தேடலையும் அதில் கழித்தார்கள். சும்மா "தேடினோம், இல்லை" என்று கழிக்கவில்லை, அந்தத் தேடலுக்கு எவ்வளவு நல்ல கண் என்று பார்த்துக் கழித்தார்கள்.

பிங்கர்கள் வேலை செய்தன என்று வைத்துக் கணக்குப் போட்டால் கடைசிப் புள்ளியைச் சுற்றிய பகுதி வெளிறிப் போகிறது. இரண்டுமே வேலை செய்யவில்லை என்று வைத்துப் போட்டால், அந்தப் புள்ளிக்குப் பக்கத்திலேயே பளிச்சென்று ஏறுகிறது. 2011 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார்கள். மார்ச் கடைசியில் அலூசியா என்ற கப்பல் தேடப் போனது, ஏப்ரல் 3 அன்று கண்டுபிடித்துவிட்டார்கள். தேடத் தொடங்கி ஒரு வாரத்துக்கு மேல் கொஞ்சம்தான். இதை வகுப்பில் சொல்லும்போது ஒவ்வொரு வருடமும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அந்த ஒரு வாரத்துக்கு முன்னால் மூன்று பெரிய தேடல்கள் வெறுங்கையோடு திரும்பியிருந்தன. அவற்றின் தோல்வியைச் சரியாக எண்ணியதால்தான் அந்த ஒரு வாரம் கைகூடியது.

எனவே குமரன், நேரடியான பதில்: "தேடிவிட்டோம், இல்லை" என்றால் அங்கே இருக்கும் வாய்ப்பு குறையும், அவ்வளவுதான். பூஜ்யம் ஆகவே ஆகாது.

---

மனோகர் திருச்சி:

எல்லாம் சரி, ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எம்.எச். 370இன் முதல் தேடலுக்கு மட்டும் சுமார் 200 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் செலவாகியிருக்கிறது. போனவர்கள் வரப்போவதில்லை. அந்தப் பணத்தை எல்லா விமானத்தையும் எந்நேரமும் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்குப் போட்டிருந்தால் இனி ஒரு விமானம் தொலையாமல் பார்த்துக்கொள்ளலாமே? கையில் இருக்கும் செல்போன் எங்கே இருக்கிறது என்று தெரிகிற காலத்தில் 200 டன்னுக்கு மேல் எடையுள்ள விமானம் எங்கே என்று தெரியவில்லை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

---

கடலடி சர்வேயர்:

மனோகர் சார், உங்கள் கோபம் நியாயமானது, அந்தக் கோபத்தால்தான் விதிகளும் மாறின. 2018 நவம்பரிலிருந்து பெரிய பயணிகள் விமானம் பெருங்கடல் மேல் பறந்தால் குறைந்தது 15 நிமிடத்துக்கு ஒருமுறை எங்கே இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். பிங்கர் பேட்டரியையும் 30 நாளிலிருந்து 90 நாளாக்கினார்கள். கடலுக்கு மேல் நீண்டதூரம் போகும் விமானங்களுக்கு 8.8 கிலோஹெர்ட்ஸில் கத்தும் இன்னொரு பிங்கரும் வந்தது. தாழ்ந்த அதிர்வெண், ரொம்பத் தூரம் கேட்கும். இவற்றில் பாதி ஏர் பிரான்ஸ் விசாரணையிலிருந்து பிறந்தவை.

ஆனால் தேடாமல் விட்டிருக்கலாம் என்பதை நான் ஏற்க மாட்டேன். ஏர் பிரான்ஸ் பெட்டி கிடைக்காமல் போயிருந்தால் இன்றைக்கும் மின்னல் தாக்கியது, குண்டு வெடித்தது என்றுதான் பேசிக்கொண்டிருப்போம். விமானம் அனுப்பிய 24 தானியங்கிச் செய்திகளை வைத்து வேகம் காட்டும் குழாய்களில் கோளாறு என்பது வரைக்கும் ஊகிக்க முடிந்தது. அதற்குமேல் விமானி அறையில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. பெட்டி சொன்னது: வேகம் காட்டும் அந்தப் பிட்டோ குழாயில் பனித்துகள் அடைத்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. தானியங்கிக் கட்டுப்பாடு விடுபட்டது, மூக்கைத் தூக்கிப் பிடித்தார்கள், விமானம் 38,000 அடி வரை ஏறி, இறக்கைகள் தாங்கும் சக்தியை இழந்து, மூக்கு மேலே பார்த்தபடியே மூன்றரை நிமிடத்தில் கடலில் விழுந்தது. கடைசி வரை தாங்கள் எப்படி விழுகிறோம் என்பதே அவர்களுக்குப் புரியவில்லை. இதைக் கேட்ட பிறகுதான் உலகம் முழுக்க விமானிகளுக்கு இந்த நிலையிலிருந்து மீளும் பயிற்சியை மாற்றினார்கள். நாளைக்கு நீங்களும் நானும் ஏறும் விமானத்தில் அந்தப் பயிற்சி இருக்கிறது.

அந்தப் பெட்டியை எடுத்த கதையும் சொல்ல வேண்டும். கேபிள் பதிக்கும் கப்பல் ஒன்றிலிருந்து ரெமோரா என்ற இயந்திரத்தை இறக்கினார்கள். 3,900 மீட்டரில் ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் ஏறக்குறைய 390 கிலோ அழுத்தம், ஒரு விரல் நகத்தின் மேல் ஐந்தாறு பேர் ஏறி நிற்பது போல. முதல் முறை போனதில் தரவுப் பதிவியின் வெளிச்சட்டம் கிடைத்தது, ஆனால் உள்ளே நினைவகம் இருக்கும் உருளை கழன்று போயிருந்தது. உடைந்து கிடக்கிற அத்தனைக்கும் நடுவே ஒரு சிறு ஆரஞ்சு உருளையைத் தேட வேண்டும். மே 1 அன்று மணலில் பாதி புதைந்து கிடந்ததைக் கண்டார்கள், அடுத்த நாள் குரல் பதிவியையும். 23 மாதம் இருட்டில், உப்பில் கிடந்த நினைவகத்திலிருந்து மொத்தத் தரவையும் படித்துவிட்டார்கள்.

சரி, குமரன் அண்ணா கேட்ட சோனார். ஆழ்கடலில் சோனார் கருவியை நாங்கள் மீன் என்றுதான் கூப்பிடுவோம். கேபிளில் இழுக்கிற மீன் ஒரு வகை, தானே நீந்திப் போகிற கருவி இன்னொரு வகை. இரண்டும் வேலை செய்வது வயலில் சால் ஓட்டுவது போலத்தான். ஒரு சால், திரும்பி வந்து பக்கத்தில் அடுத்த சால், இரண்டும் கொஞ்சம் மேலே மேலே விழ வேண்டும். ஒலி இரண்டு பக்கமும் சரிவாகப் போய்த் திரும்பும். திரையில் பழுப்பு நிறத்தில் மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டே இருக்கும். உலோகம் இருந்தால் பளிச்சென்று ஒரு புள்ளி, அதற்குப் பின்னால் கறுப்பு நிழல். பல சமயம் பொருளைவிட நிழல்தான் காட்டிக்கொடுக்கும். நிழல் நேராக, கூர்மையாக இருந்தால் மனிதன் செய்த பொருள் என்று கண் சொல்லிவிடும்.

சமதளத்தில் பிரச்சினை இல்லை. ஏர் பிரான்ஸ் விமானத்தைச் சுற்றி மலை இருந்தாலும், அது விழுந்து கிடந்தது மண் படிந்த சமவெளியில். சுமார் 600 மீட்டர் நீளம், 200 மீட்டர் அகலத்தில் சிதறிக் கிடந்தது. திரையில் பார்த்தால் சுத்தமான தரையில் யாரோ அரிசியைக் கொட்டிய மாதிரி இருக்கும். எம்.எச். 370 தேடிய இடம் அப்படியில்லை. எரிமலைகள், பிளவுகள், புரோக்கன் ரிட்ஜ் என்ற பெரிய மலைத்தொடரின் செங்குத்துச் சரிவுகள். தேடுவதற்கு முன்னால் அந்தக் கடலடிக்குச் சரியான வரைபடமே கிடையாது, முதலில் மாதக்கணக்கில் ஆழம் அளந்து வரைபடம் போட்டுவிட்டுத்தான் மீனை இறக்கினார்கள். சரிவில் மீனைப் பத்திரமாக ஓட்ட உயர்த்த வேண்டும், உயர்த்தினால் படம் கெடும். ஒரு பாறைக்குப் பின்னால் நிழல் விழுந்தால் அந்த நிழலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. அப்படி விட்டுப்போகும் துண்டுகளை எங்கள் தொழிலில் ஹாலிடே என்போம். ஆஸ்திரேலியர்கள் அந்தத் துண்டுகளைத் தனியாகக் குறித்து அறிக்கையில் வைத்திருக்கிறார்கள், மறைக்கவில்லை. அவர்கள் வேலையை நான் மதிக்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் மூழ்கிய நிலக்கரிக் கப்பல்களைக்கூட அந்தத் தேடலில் கண்டுபிடித்திருக்கிறார்கள், கண் அவ்வளவு நல்ல கண்.

என் சொந்த அனுபவம் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருடம், ஒரு குழாய்ப் பாதையில் இரவு ஷிப்ட். அலை அதிகம், மீன் மேலும் கீழும் ஆடுகிறது. திரையில் ஒரு மங்கலான கோடு வந்தது, பாறை என்று விட்டுவிட்டேன். அறிக்கையில் "தடை எதுவுமில்லை" என்று எழுதி என் பெயரில் கையெழுத்தும் போட்டேன். மூன்று வாரம் கழித்து வேறு காரணத்துக்காக அதே வரியில் மீனை 20 மீட்டர் கீழே இறக்கி ஓட்டினோம். அதே இடத்தில் ஆளுயர நங்கூரம், சங்கிலியோடு, நிழல் கத்தி மாதிரி விழுந்திருந்தது. குழாய் பதிக்கும் முன் தெரிந்தது யார் செய்த புண்ணியமோ. அன்றிலிருந்து "இல்லை" என்று எழுதுவதற்கு முன், மீன் எந்த உயரத்தில் ஓடியது, அலை எப்படி இருந்தது என்று அதே வரியில் எழுதிவிடுவேன்.

---

பள்ளிக்கரணை பாலா:

நம் ஊர்ப் பக்கமே ஒன்று நடந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லையே. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் கிளம்பிய விமானப்படையின் ஏ.என். 32, 29 பேர். பயணிகள் விமானம் இல்லை, ராணுவப் போக்குவரத்து விமானம், ஆனால் தேடல் அதே மாதிரிதான். கப்பல், விமானம், நீர்மூழ்கி என்று வாரக்கணக்கில் வங்கக் கடலைச் சலித்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. ஏழரை வருடம் கழித்து, பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் தானே நீந்தும் கருவி, சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் விமானத்தின் உடைந்த பாகங்களைப் படம் எடுத்தது. 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். அந்த அலுவலக வாசலைத் தாண்டித்தான் தினம் பஸ்ஸில் போகிறேன், அந்த வாரம் முழுக்க அந்தக் கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு கனத்தது. ஏழரை வருடம் ஒரு வீட்டில் போட்டோவுக்கு மாலை போடலாமா வேண்டாமா என்று தவித்திருப்பார்கள் இல்லையா. மனோகர் சார் கேட்ட "போனவர்கள் வரப்போவதில்லை"க்கு என் பதில் இதுதான்.

---

மனோகர் திருச்சி:

பாலா, அந்த மாலை விஷயத்தை நான் யோசிக்கவில்லை. என் கேள்வியில் அந்தப் பாகத்தைத் திரும்பப் பெறுகிறேன். கண்காணிப்பு விஷயத்தில் மட்டும் என் கோபம் அப்படியே இருக்கிறது.

---

கிள்ளான் குமரன்:

எல்லோருக்கும் நன்றி. டீச்சரின் திருகாணியை அம்மாவிடம் சொன்னேன், ஒரே தடவையில் புரிந்துகொண்டார். உடனே ஒரு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை: "கூடத்துல விழுந்துச்சா இல்லையானே தெரியாதப்ப என்ன பண்றது?" இந்தியப் பெருங்கடலின் மேற்கே ரீயூனியன் தீவில் கிடைத்த எம்.எச். 370இன் இறக்கைத் துண்டைப் பற்றியும் கேட்கிறார், அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாதா?

---

புள்ளியியல் டீச்சர்:

அம்மா என்னைவிட நல்ல டீச்சர். அதுதான் இரண்டு விபத்துக்கும் உள்ள வித்தியாசமே. ஏர் பிரான்ஸில் கடைசிப் புள்ளி தெரியும். 1985இல் அயர்லாந்துக்கு அருகே 329 பேரோடு விழுந்த ஏர் இந்தியா கனிஷ்காவை எடுத்துக்கொள்ளுங்கள், ரேடார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தது, அதனால் இரண்டு கிலோமீட்டர் ஆழத்திலிருந்தும் மூன்று வாரத்துக்குள் இரண்டு பதிவிகளையும் தூக்கிவிட்டார்கள். ஆழம் பெரிய தடையே இல்லை, இடம் தெரிந்தால்.

எம்.எச். 370இல் நமக்கு இருப்பது புள்ளி இல்லை, கோடு. இன்மார்சாட் செயற்கைக்கோள் மணிக்கு ஒருமுறை "இருக்கிறாயா?" என்று கேட்டதற்கு விமானத்தின் கருவி "இருக்கிறேன்" என்று பதில் தந்திருக்கிறது. பதில் வர எடுத்த நேரத்தை வைத்துத் தூரம் சொல்லலாம், திசை சொல்ல முடியாது. முளைக்குச்சியில் கட்டிய மாடு கயிற்றின் முழு நீளத்துக்குப் போய் நிற்கிறது என்று தெரியும், வட்டத்தில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாது, அப்படி. அதிர்வெண் சற்று மாறியதை வைத்துத் தெற்கே போனது என்று தெரிந்தது. காலை 8.19க்கு வந்த கடைசித் தொடர்பு வரைந்த வளைவைத்தான் ஏழாவது வளைவு என்கிறார்கள். அந்த நேரத்தில் எரிபொருள் தீர்ந்திருக்கும். வளைவின் நீளத்தில் எங்கே, அதிலிருந்து எவ்வளவு தள்ளி, இரண்டும் தெரியாது. இதனால்தான் சதுர கிலோமீட்டர் லட்சத்தைத் தாண்டுகிறது.

ரீயூனியனில் 2015 ஜூலை 29 அன்று கிடைத்த அந்தத் துண்டு 16 மாதம் மிதந்து வந்தது. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆராய்ச்சியாளர்கள் ஓர் அருமையான வேலை செய்தார்கள், நிஜமான 777இன் அதே பாகத்தை வாங்கி, ரீயூனியனில் கிடைத்ததைப் போலவே வெட்டி, டாஸ்மேனியா கடலில் மிதக்க விட்டார்கள். மாதிரிப் பொம்மையைவிட அது வேகமாகவும், காற்றுக்கு இடப்புறம் சாய்ந்தும் போனது. அதற்கு முன்பே, மாதிரிகளை மிதக்கவிட்டுப் பின்னோக்கிப் போட்ட கணக்கில், தேடிய இடத்துக்குச் சற்று வடக்கே 25,000 சதுர கிலோமீட்டர் வந்திருந்தது; நிஜப் பாகத்தின் சோதனை அதை உறுதிப்படுத்தியது, ஆனால் அந்த அறிக்கை வந்தது 2017 ஏப்ரலில்தான். அந்த 25,000ஐச் சொன்ன முதல் அறிக்கை 2016 டிசம்பரில் வந்தது, 2017 ஜனவரியில் மலேசியா, ஆஸ்திரேலியா, சீனா மூன்று நாட்டு அரசுகளும் தேடலை நிறுத்திவிட்டன. எனக்கு இன்றும் ஆறாத ஆதங்கம் அதுதான், கணக்கு கைக்கு வந்த அடுத்த மாதம் நிறுத்தினார்கள். 2018இல் ஓஷன் இன்ஃபினிட்டி அந்தப் பகுதியையும் தேடியது உண்மைதான், கிடைக்கவில்லை. மறுபடியும் பெரியப்பாவின் கண்ணாடிக் கேள்விக்கே வந்து நிற்கிறோம்.

---

கடலடி சர்வேயர்:

2025 மார்ச்சில் மலேசிய அரசு அதே நிறுவனத்தோடு புது ஒப்பந்தம் போட்டது, 15,000 சதுர கிலோமீட்டர், கண்டுபிடித்தால் 70 மில்லியன் டாலர், இல்லாவிட்டால் ஒரு காசும் கிடையாது. ஏப்ரலில் கடல் சரியில்லை என்று நிறுத்தினார்கள். அந்த அட்சரேகையில் தென் குளிர்காலத்தில் வேலை செய்ய முடியாது, கருவியை இறக்குவதைவிடத் திரும்ப ஏற்றுவதுதான் உயிர் போகிற வேலை. டிசம்பர் 30இல் மீண்டும் தொடங்குவதாக அறிவித்தார்கள்.

குமரன் அண்ணா, அம்மாவிடம் சொல்லுங்கள், என் கையில் கப்பல் கொடுத்தால் நான் முதலில் போவது புது இடத்துக்கு இல்லை. ஏழாவது வளைவை ஒட்டி, ஏற்கெனவே தேடிய பட்டைக்குள் இருக்கிற செங்குத்துச் சரிவுகளுக்கும் நிழல் விழுந்த பள்ளங்களுக்கும் தானே நீந்தும் கருவியை இறக்குவேன், வேறு கோணத்திலிருந்து, இன்னும் தாழ. அப்புறம்தான் வெளியே.

---

கிள்ளான் குமரன்:

சொல்லிவிட்டேன். "ஜமக்காளத்த உதறிப் பாக்கச் சொல்லு" என்கிறார்.